எரிந்த ஏடுகளும் எழுதப்படாத கணக்கும்

காட்டை நிலைக்களமாகக் கொண்ட நாவல்களைப் பற்றிப் பேசுமிடத்து நமது விமர்சகர்கள் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே காலங்கழித்து விடுகின்றனர். ஒன்று 'இயற்கை', மற்றையது 'எழுச்சி'. மரமும் மழையும் நன்கு வருணிக்கப்பட்டிருப்பின் முதலாவது சொல் போதும். தொழிலாளர் ஆயுதம் எடுத்திருப்பின் இரண்டாவது சொல் போதும். வெட்டிய மரம் யாருக்குரியது, அதன் விலையை யார் தீர்மானிக்கின்றார், அவ்விலையில் வெட்டியவனுக்குக் கிடைப்பது எவ்வளவு, அந்தக் கணக்கை எழுதுபவன் யார் என்னும் கேள்விகள் இலக்கியத்துக்குப் புறம்பானவை என ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கல் முற்போக்காளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரிடையேயும் இல்லாமலில்லை. பி. ட்ரேவனின் மகோகனி நாவல்கள் ஆறினையும் ஒருங்கு வைத்து நோக்கும்பொழுது இம்மனப்பான்மை எத்துணை வறியது என்பது புலனாகும். அந்நாவல்களில் காடு வருணிக்கப்படுவதிலும் பார்க்கக் கணக்கிடப்படுவதே அதிகம்.

ட்ரேவன் யார் என்பது பற்றிய துப்பறியும் ஆராய்ச்சி நமக்கு இங்கு வேண்டியதில்லை. 1919இல் மியூனிச் நகரில் எழுந்த தொழிலாளர் சபைக் குடியரசில் பங்குகொண்டு, அது நசுக்கப்பட்டபின் தப்பியோடிய ரெட் மாருட் என்பவரே 1924இல் மெக்சிக்கோவை அடைந்து ட்ரேவன் ஆனார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. ஜேர்மன் மொழியில் அவர் எழுதிய நூல்களை முதன்முதலில் பரப்பியது, அச்சுத் தொழிலாளர் 1924இல் தொடங்கிய 'குட்டன்பேர்க் நூற்கழகம்' என்னும் வாசகர் கூட்டு. முதலாளிப் பதிப்பகத்தை நம்பாமல் உறுப்பினரின் சந்தாவை மூலதனமாகக் கொண்டு நடந்த நிறுவனம் அது. கூட்டுடைமை நிறுவனம் ஒன்றினூடாகவே இந்நாவல்களுட் பெரும்பாலானவை வாசகரை அடைந்தன என்னும் செய்தியை நாம் சும்மா சொல்லவில்லை. பின்னர் வரும் விடயத்தோடு அதற்குத் தொடர்புண்டு.

1931 முதல் 1940 வரை வெளிவந்த இவ்வாறு நாவல்களும், போர்ஃபீரியோ தியாஸின் சர்வாதிகாரம் முடிவடையும் காலத்தில், தென் மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்துக் காடுகளில் நிகழ்வன. லக்கண்டோன் காட்டிலே மகோகனி மரம் வெட்டப்பட்டு, ஆறுகளில் மிதக்கவிடப்பட்டு, உசுமசிந்தா நதி வழியாகக் கடலை அடைந்து, ஐரோப்பிய, அமெரிக்க மாளிகைகளின் தளபாடமாகியது. அம்மரவெட்டு முகாம்களிலே உழைத்தோர் சொத்சில், செல்த்தால் இனங்களைச் சேர்ந்த பழங்குடி விவசாயிகள்.

அவர்கள் அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர்? இங்குதான் ட்ரேவனின் ஆற்றல் வெளிப்படுகின்றது. சாட்டையால் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர் என்று எழுதிவிடுவது சுலபம். அவர் அவ்வாறு எழுதவில்லை. செல்சோ என்பவன் மணம் முடிப்பதற்காகக் கோப்பித் தோட்டமொன்றில் ஈராண்டு உழைத்துப் பணம் சேர்க்கின்றான். திரும்பும் வழியில் தகப்பன் பட்ட கடனுக்காக அப்பணம் பறிக்கப்படுகின்றது. மீண்டும் உழைக்க மகோகனிக் காட்டுக்குச் செல்கின்றான். அங்கும் உழைத்து மீளும்போது, ஆட்சேர்ப்பு முகவர்கள் திட்டமிட்டு ஒரு சச்சரவை மூட்டிவிடுகின்றனர். அபராதத்தை முகவனே கட்டுகின்றான். அபராதம் கடனாகின்றது, கடன் ஒப்பந்தமாகின்றது. அந்திரேஸ் தன் தகப்பனுக்குப் பதிலாகத் தானே செல்கின்றான். கந்திதோவின் மனைவி வயிற்று நோயால் துடிக்கின்றாள். வைத்தியன் கேட்ட பணத்துக்காக அவன் கையொப்பமிடுகின்றான். அவளோ சிகிச்சை பெறுமுன்னரே இறந்துபோகின்றாள். கடன் மட்டும் உயிரோடிருக்கின்றது. 'தொங்கவிடப்பட்டோரின் கிளர்ச்சி' என்னும் நாவலின் தொடக்கம் இதுவே. சாட்டை பின்னரே வருகின்றது. முதலில் வருவது பேரேடு.

நம் நாட்டு வாசகருக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. தோட்டத் தொழிலாளியின் கடனைத் தாளில் எழுதி, அத்தாளோடு அவனையும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பது பாடப் புத்தகச் செய்தி. பெரிய கங்காணியின் முற்பணமும் மெக்சிக்கோ முகவனின் முற்பணமும் ஒரே தாயின் பிள்ளைகள்.

இந்நாவல்களின் குறைகளை மறைப்பதும் விமர்சன தர்மமாகாது. ட்ரேவன் தம் பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் தாமே புகுந்து பேசுகின்றார். ஒரே கருத்தை மும்முறை சொல்லுகின்றார். முதலாளிகளான மொந்தெயானோ சகோதரர் மூவரும் கொடுமையின் உருவங்களாக நிற்கின்றனரேயன்றி, நிர்ணயித்த அளவு மரம் வெட்டாதவனைக் கிளையிலே கட்டித் தொங்கவிடும்படி அவர்களையே நெருக்குகின்ற கடன்களும் ஏற்றுமதிக் கெடுக்களும் போதியளவு காட்டப்படவில்லை. இருந்தும், ஒரு பொருளின் பயணத்தை வேரிலிருந்து துறைமுகம் வரை பின்தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்ன பெற்றார் எனக் கேட்ட நாவலாசிரியர் எண்ணிக்கையில் மிகச் சிலரே.

இனி, நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய இடத்துக்கு வருவோம். முகாமிலே கிளர்ச்சி வெடிக்கின்றது. கிளர்ச்சியாளருள் மார்த்தின் திரினிதாத் என்றொருவன் இருக்கின்றான். அவன் முன்னாட் பள்ளி ஆசிரியன். அரசை விமர்சித்தமையால் வேலையிழந்தவன். அவன் கூறும் ஆலோசனை முக்கியமானது. எசமானரைக் கொல்வதினாற் பயனில்லை. அவர்களுக்கு வாரிசுகள் உண்டு. வாரிசுகளின் கையில் உறுதிகளும் கடன் பத்திரங்களும் பதிவேடுகளும் உண்டு. ஆகவே முதலில் ஏடுகளை எரியுங்கள் என்பது அவன் வாதம். எழுத்தறிவித்த ஆசிரியனே எழுத்தை எரிக்கச் சொல்லும் இக்கட்டம் உலக இலக்கியத்தில் ஆசிரியர் பாத்திரம் ஒன்றுக்குக் கிடைத்த மிகக் கடுமையான வேடங்களுள் ஒன்று. கடனெனும் விலங்கு உலோகத்தாலன்றித் தாளால் ஆனது என்பதை இதனிலும் தெளிவாகச் சொல்ல இயலாது.

ஏடுகள் எரிகின்றன. கிளர்ச்சிப் படை காட்டைவிட்டு வெளியேறுகின்றது. இறுதி நாவலாகிய 'காட்டிலிருந்து வந்த தளபதி'யில் போர்கள் பல நடந்தபின், ஒதுக்கமான ஓரிடத்தில் அவர்கள் ஒரு கிராமத்தை அமைக்கின்றனர். அதற்கு 'சோலிபாஸ்' எனப் பெயரிடுகின்றனர். சூரியனும் சமாதானமும் என்று பொருள். அவ்விடத்தில் மக்கள் சோளம் பயிரிடுவர். தேவையானதைத் தாமே விளைவித்து உண்பர். நல்லது. ஆனால் மகோகனி என்ன ஆயிற்று? ஆற்றங்கரையில் அடுக்கப்பட்ட குற்றிகள் என்ன ஆயின? காட்டுக்கு உரித்தாளர் இனி யார்? உப்பும் மருந்தும் கோடரியும் வாங்குவதற்கு அக்கிராமம் எதை விற்கும், யாருக்கு விற்கும், என்ன விலைக்கு விற்கும்? நாவல் இக்கேள்விகளை எழுப்பவில்லை. நாவலாசிரியன் கூட்டுறவுச் சங்கத்து யாப்பு எழுதவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எமது குறை வாசகர் மீதும் விமர்சகர் மீதுமே. ஏடு எரிந்த இரவோடு கதை முடிந்துவிட்டது என நம்பும் பழக்கம் நமது இலக்கிய இரசனையில் ஆழ வேரூன்றிவிட்டது. வேலைநிறுத்தம் வெற்றிபெறும், செங்கொடி பறக்கும், திரை விழும். மறுநாட் காலை ஆறு மணிக்கு யார் சங்கு ஊதுவது என்பதை எழுத நமக்கு ஆளில்லை.

மறுநாட் காலை மெக்சிக்கோவில் உண்மையாகவே வந்தது. அதன் கதையை நாவலோடு சேர்த்துப் படித்தாலன்றி ட்ரேவனை நாம் முழுமையாகப் படித்தவர்களாக மாட்டோம்.

1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, நிலம் தேசத்துக்குரியது எனவும், கிராமங்களுக்கு அது வழங்கப்படலாம் எனவும் விதித்தது. 1934 முதல் 1940 வரை ஜனாதிபதியாயிருந்த லாசரோ கார்தெனாஸ் காலத்தில் பெருமளவு நிலம் 'எஹீதோ' எனப்படும் கூட்டு உரித்துகளாகப் பகிரப்பட்டது. காலனிக் காலத்துக்கும் முந்திய பழங்குடிக் கிராமங்களின் பொதுநிலங்களும் படிப்படியாக உறுதிப்படுத்தப்பட்டன. இன்று மெக்சிக்கோவின் காடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்விருவகைச் சமுதாயங்களின் உடைமையே. உலகில் இத்துணைப் பெரிய அளவிற் காடு கிராமத்தவர் கையில் இருக்கும் நாடுகள் மிகக் குறைவு.

ஆயின், உறுதி கையில் இருப்பது வேறு, மரம் கையில் இருப்பது வேறு. 1956இல் ஒவாஹாக்கா மாநிலத்து மலைக் காடுகளில் இரண்டு இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட பரப்பை, துஸ்தெபெக் கடதாசி ஆலைக்கு அரசு 25 ஆண்டுச் சலுகையாக வழங்கியது. காடு கிராமத்தினுடையதே, ஆனால் அக்காட்டின் மரத்தைக் கிராமம் அவ்வாலைக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது. விலையை நிர்ணயிப்பது கிராமமன்று. அவ்விலையும் கிராமத்தவர் கைக்கு நேரே வரவில்லை. அரசு நிதியம் ஒன்றிற் போடப்பட்டது. அதிலிருந்து பணம் பெறுவதற்குக் கிராமம் விண்ணப்பித்துக் காத்திருக்கவேண்டும். தன் வீட்டு நெல்லை விற்ற காசுக்குக் கச்சேரி வாசலில் நிற்கும் கமக்காரனை எண்ணிக்கொள்க. 1965இல் ஆலை அரசுடைமையாகியது. அதனாலும் இந்நிலை மாறவில்லை. அரசுடைமை என்றாலே மக்களுடைமை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோர் இவ்விடத்தில் சற்றுக் கண்ணைத் திறப்பது நன்று.

இதனிலும் விசித்திரமானது ட்ரேவனின் காட்டிலேயே நடந்தது. 1972இல் ஜனாதிபதி எச்சவெரியா, லக்கண்டோன் காட்டில் ஆறு இலட்சம் ஹெக்டேயருக்கும் மேற்பட்ட நிலத்தை 66 லக்கண்டோன் குடும்பங்களுக்கு உரித்தாக்கினார். பழங்குடிக்கு நீதி என்று அது கொண்டாடப்பட்டது. அந்நிலத்தில் ஏற்கெனவே குடியேறி வாழ்ந்த ஆயிரக்கணக்கான செல்த்தால், சோல் விவசாயிகள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆயினர். ஈராண்டுக்குள், 1974இல், அரசுக் கம்பனி ஒன்று அந்த 66 குடும்பங்களோடு மரம் வெட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டது. உரித்தாளர் குறைவாயிருந்தால் கையொப்பம் வாங்குவது எளிது. செல்சோவின் கைநாட்டுக்கும் இக்கையொப்பத்துக்கும் இடையே அறுபதாண்டுகள் கடந்திருந்தன. கம்பனியின் தந்திரம் அதிகம் கடக்கவில்லை.

ஒவாஹாக்காவில் நடந்ததோ வேறு. ஹுவாரெஸ் மலைத்தொடரிலுள்ள கிராமங்கள் சில 1960களின் இறுதியிலேயே ஆலைக்கு மரம் விற்க மறுத்துப் பல ஆண்டுகள் நின்றன. 1980இல், சலுகைக் காலம் முடியும் தறுவாயில், இயற்கை வளங்களின் பாதுகாப்புக்கான ஓர் இயக்கத்தைக் கட்டின. 'தெக்கியோ' என்றொரு சஞ்சிகையையும் அவ்வியக்கம் நடத்தியது. தெக்கியோ என்பது அம்மக்களிடையே ஊருக்காகக் கூலியின்றிச் செய்யும் பொதுவேலையின் பெயர். நமது ஊர்களிற் கோயிற் கேணி இறைக்கவும் குளக்கட்டுப் போடவும் சேர்ந்ததைப்போல. 1982 இறுதியில், பதவி விலகும் நாட்களில், ஜனாதிபதி லோப்பெஸ் போர்த்தியோ சலுகையைக் கால எல்லையின்றி நீட்டி ஆணையிட்டார். கிராமங்கள் நீதிமன்றம் சென்றன. அடுத்த ஆண்டே ஆணை செல்லாதாயிற்று. 1986ஆம் ஆண்டு வனச் சட்டம் சலுகை முறையையே கைவிட்டது.

இங்கு நாம் கவனிக்கவேண்டிய முரண்பாடு ஒன்றுண்டு. கால் நூற்றாண்டாக நல்ல பைன் மரங்களையே தெரிந்து வெட்டி, கோணலையும் நோயுற்றதையும் விட்டுச்சென்ற அதே ஆலை, காட்டுக்குள் வீதிகளையும் போட்டிருந்தது. கிராமத்து இளைஞர் பலர் அதன் கூலியாட்களாகச் சங்கிலிவாள் பிடிக்கவும், குற்றியை அளக்கவும், பாரவண்டி ஓட்டவும் பழகியிருந்தனர். தன்னை அகற்றப்போகும் ஆற்றலைச் சுரண்டல் தானே பயிற்றுவிக்கின்றது என்னும் கூற்றைச் சுலோகமாகக் கேட்டிருக்கின்றோம். அதன் பொருள் சங்கிலிவாளின் பிடியில் இருக்கின்றது.

இனித்தான் கணக்கு ஆரம்பமாகின்றது.

காடுடைய கிராமம் ஒன்றுக்கு நான்கு நிலைகள் உண்டு. காட்டை வெட்டாமலே விட்டிருக்கலாம். நின்ற மரத்தை ஒப்பந்தக்காரனுக்கு விற்று, அவனே வெட்டிக்கொண்டு போக விடலாம். தானே வெட்டி, வீதியோரத்திற் குற்றியாக விற்கலாம். மரக்காலை ஒன்று நிறுவிப் பலகையாக அரிந்து விற்கலாம். இயலுமாயின் தளபாடமாகவும் செய்து விற்கலாம். ஒவ்வொரு படி ஏறும்போதும் மரத்தின் விலையிற் கூடிய பங்கு ஊருக்குள் நிற்கும். அவ்வாறாயின் எல்லா ஊர்களும் ஏன் மேற்படிக்கு ஏறவில்லை? சோம்பலா, அறியாமையா? நகரத்து நிபுணர் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். உண்மைக் காரணம் பெரும்பாலும் கைமுதல்.

மரவெட்டு உலர்காலத் தொழில். மழை தொடங்குமுன் வெட்டி இறக்கவேண்டும். அதற்கு முன்னரே வீதி திருத்த வேண்டும், எரிபொருள் வாங்க வேண்டும், வெட்டுவோருக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டும், வனத்திட்டம் வகுக்கும் பொறியியலாளருக்கும் கொடுக்க வேண்டும். பணம் வருவதோ மரம் விற்றபின். குற்றியை அரிந்தால் அதன் பருமனில் ஏறத்தாழப் பாதிதான் பலகையாகும். அப்பலகை உலர்ந்தால்தான் நல்ல விலை. உலரும் வரை பணம் பலகைக்குள் உறங்குகின்றது. வங்கி கடன் தருமா? கூட்டு நிலத்தை ஈடுவைக்க முடியாது, சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தத் தடையே காட்டை ஏலத்திலிருந்து காத்து நிற்பது. அதே தடை வங்கியின் கதவையும் சாத்திவிடுகின்றது.

அப்பொழுது ஒருவர் வருகின்றார். மரம் வாங்கும் வியாபாரி. பருவம் தொடங்குமுன் முற்பணம் தருகின்றார். நிபந்தனை ஒன்றே: இந்தப் பருவத்து மரம் அவருக்கு, அவர் சொல்லும் விலைக்கு, அவர் அளக்கும் அளவில். முகவன் கந்திதோவுக்குக் கொடுத்த முற்பணம் இப்பொழுது ஊர் முழுவதற்கும் கொடுக்கப்படுகின்றது! ட்ரேவனின் பேரேடு எரிந்து சாம்பலாகிவிட்டது. அதன் முதலாவது பக்கம் மட்டும் எவ்வாறோ தப்பி, புதிய அட்டைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது. சமுதாயக் காட்டு நிறுவனங்களைப் புகழ்ந்து எழுதுவோரும் இகழ்ந்து எழுதுவோரும் சனநாயகம், மரபு, சூழல் எனப் பல பேசுவர். இந்த முற்பணத்தைப் பற்றிப் பேசுபவர் சிலரே. ஒரு பருவத்துச் செலவைத் தானே தாங்கும் கைமுதல் ஒரு கிராமத்திடம் உண்டா இல்லையா என்பதே, அது உரித்தாளரா கூலியா என்பதைத் தீர்மானிக்கின்றது என்பது எமது கருத்து.

ஆகவே இலாபம் பங்கிடும் இரவே இந்நிறுவனங்களின் உண்மையான போர்க்களம். ஒருபுறம் வறிய வீடுகள். கூரை ஒழுகுகின்றது, பிள்ளை நகரத்துக்குப் படிக்கப் போகவேண்டும், பணத்தைப் பகிர்ந்து தாருங்கள் என்கின்றனர். மறுபுறம், வாள் தேய்ந்துவிட்டது, அடுத்த பருவத்துக்குக் கையிற் பணம் வேண்டும் என்கின்றனர் நிருவாகிகள். இருதரப்பும் நியாயமே பேசுகின்றன. மிச்சோவாகான் மாநிலத்தின் புதிய சான் ஹுவான் பரங்கரிகுதிரோ, எரிமலைக் குழம்பில் பழைய ஊரை இழந்து 1944இல் இடம்பெயர்ந்த ஊர். அது பணத்தைத் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிடாமல், மீண்டும் தொழிலிலேயே இட்டு வேலைவாய்ப்பாகப் பகிரும் வழியைத் தெரிந்தது. ஒவாஹாக்காவின் இஸ்த்லான் கிராமம் ஒரு பகுதியைத் தொழிலுக்கும், ஒரு பகுதியைக் காட்டின் பராமரிப்புக்கும், எஞ்சியதை ஊருக்குமாக ஒதுக்கியது. மரக்காலையோடு தளபாட ஆலையும், பெற்றோல் நிலையமும், உல்லாசப் பயண விடுதியும் அதன் உடைமையாயின. தென்கிழக்கில் கின்தானா ரோவின் சில எஹீதோக்களிலோ, உறுப்பினர் சிறு குழுக்களாகப் பிரிந்து, அனுமதிக்கப்பட்ட மரத்தையே தலைக்கு இத்தனை கன மீற்றர் எனப் பங்கிட்டுத் தனித்தனியே விற்கலாயினர். தலைவர்கள் பணத்தை உண்டுவிடுவர் என்னும் ஐயமே பிரிவினைக்கு வித்து. ஐயம் ஆதாரமற்றதன்று. ஆயின் பிரிந்து விற்போர் வியாபாரியின் முன் தனித்தனியே நிற்கின்றனர் என்பதும் உண்மை.

கின்தானா ரோவைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். அங்கு வளர்வது ட்ரேவனின் மகோகனியே. 1954 முதல் ஒரு கம்பனியிடமிருந்த சலுகை 1983இல் முடிந்தபோது, அரசும் ஜேர்மன் தொழில்நுட்ப உதவியும் சேர்ந்து எஹீதோக்களின் கையிலே வெட்டை ஒப்படைக்கும் முன்னோடித் திட்டமொன்று தொடங்கியது. மார்பளவு உயரத்தில் 55 சென்ரிமீற்றர் விட்டம் அடைந்த மகோகனியையே வெட்டலாம். அந்நிலையை அடைய ஏறத்தாழ 75 ஆண்டுகள் செல்லும் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே காட்டை இருபத்தைந்தாண்டு வட்டங்கள் மூன்றாகப் பிரித்தனர். எழுபத்தைந்து ஆண்டுகள்! ஊர் நிருவாக சபையின் ஆயுள் சட்டப்படி மூன்றாண்டு. இன்று ஒரு கன்றை நடும் மனிதனின் பேரனும் அதனை வெட்டும் வயதைத் தாண்டிவிடக்கூடும். முதலாளித்துவக் கணக்கியல் இத்தகைய மரத்தை, இன்றே வெட்டி, விலையை வட்டிக்குக் கொடு என்று சொல்லும். மரம் வளரும் வேகத்திலும் வட்டி வளரும் வேகம் அதிகம் என்பதே அதன் நியாயம். கிராமம் இந்நியாயத்தை ஏற்காதிருப்பதற்குப் புனிதமான காரணம் எதையும் நாம் தேடவேண்டியதில்லை. காட்டை விற்றுவிட்டுப் போவதற்கு அதற்கு வேறிடமில்லை; கம்பனிக்கு இருந்தது. எனினும் இடர் இல்லாமலில்லை. 2007இல் வந்த 'டீன்' சூறாவளி நோ பெக் என்னும் எஹீதோவின் காட்டைப் பெருமளவு சாய்த்துவிட்டது. பல பத்தாண்டுத் திட்டம் ஓரிரவில்.

நிருவாகமும் ஒரு செலவே. இக்கிராமங்களிற் பதவி என்பது ஊர்க்கடமை, முறைவைத்து வருவது, பலவிடங்களில் ஊதியமற்றது. இதனால் எவனும் நிரந்தர எசமானாக முடியாது. அதுவே சனநாயகத்தின் காவல். ஆனால் பலகையின் சந்தையையும் யந்திரத்தின் பழுதையும் ஒருவன் கற்றுத்தேறும் வேளையிற் பதவிக்காலம் முடிந்துவிடுகின்றது. சில ஊர்கள் முகாமையாளரைத் தனியே நியமித்து, சபை அவரை மேற்பார்வை செய்யும் வழியைக் கண்டன. ஊரின் மூத்தோர் குழு ஆலோசனை கூறும் வழக்கமும் உண்டு. சுலபமான தீர்வு ஒன்றுமில்லை. முகாமையாளர் வலிமை பெற்றால் சபை மெலிகின்றது, சபை வலிமை பெற்றால் யந்திரம் பழுதாகிக் கிடக்கின்றது.

1968இல் காரெற் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியலாளர், பொதுநிலம் எதுவாயினும் அழிந்தே தீரும் எனப் பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். ஒவாஹாக்காக் கிராமங்கள் கம்பனிக்கு மரம் விற்க மறுத்து நின்றதும் ஏறத்தாழ அதே காலந்தான் என்பது வரலாற்றின் குறும்பு. கட்டுப்பாடற்ற பொதுநிலத்தையே தாம் கருதியதாக ஹார்டின் பின்னாளில் திருத்திச் சொன்னார். திருத்தத்தைப் படித்தோர் கட்டுரையைப் படித்தோரிற் சிறு பகுதியினரே. 1990இல் எலினோர் ஒஸ்ட்ரொம் தமது நூலில், மக்கள் தாமே வகுத்த விதிகளாற் பொதுவளங்களை நூற்றாண்டுக்கணக்கிற் காத்த எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து அவ்வாதத்தை முறியடித்தார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம். எனினும் அவருடைய விதிகள் ஊரின் எல்லைக்குள்ளேயே பெரிதும் நிற்கின்றன. யார் வெட்டலாம், யார் கண்காணிப்பார், மீறினவனுக்கு என்ன தண்டம் என்பவற்றைச் சபை தீர்மானிக்கலாம். பலகையின் விலையைச் சபை தீர்மானிப்பதில்லை. 1994இல் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், வெளிநாட்டு மலிவு மரம் மெக்சிக்கோச் சந்தையை நிறைத்தது. எவ்வளவு ஒழுங்காகக் கூட்டம் கூடிய கிராமமும் அவ்விலையோடு போட்டியிட நேர்ந்தது. அந்த ஒப்பந்தம் அமுலான அதே சனவரி முதலாம் நாளில், ட்ரேவனின் காட்டிலிருந்து சப்பாத்திஸ்தாக்கள் ஆயுதங்களோடு வெளிவந்தனர் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

மலிவு மரத்துக்கு எதிராக ஒவாஹாக்காவின் மூன்று சமுதாயங்கள், இஸ்த்லானும் அவற்றுள் ஒன்று, தமது தளபாட ஆலைகளை இணைத்து ஒரே பெயரில் விற்றன. அவற்றின் பெரும் வாடிக்கையாளர் மாநில அரசு. பொருள், பள்ளிக்கூடத்து மேசையும் கதிரையும். தம் காட்டுப் பைன் மரத்தில் தம் பிள்ளைகள் எழுதப் பழகும் நிலை அழகானதே. ஆசிரியர்களாகிய நமது வாசகருக்கு அது பிடித்தும் போகும். ஆயினும் கொள்வனவு செய்பவர் ஒருவரேயானால், அவர் அரசாயினும், அமைச்சுக் கதிரையில் ஆள் மாறும்போது ஆலையும் நடுங்கும். கடதாசி ஆலை ஒன்றே கொள்வனவாளராயிருந்த நாட்களின் நிழல் முற்றாக நீங்கவில்லை.

இடதுசாரிகளுள் சிலர் இந்நிறுவனங்களை நோக்கி வேறொரு கணை தொடுக்கின்றனர். இவை சோசலிசமுமல்ல, ஒன்றுமல்ல. உரித்தாளர்கள் கூட்டாக முதலாளியாகி, உரித்தற்றவனைக் கூலிக்கு அமர்த்தும் ஏற்பாடே என்கின்றனர். இக்குற்றச்சாட்டை மரபின் பெயரால் மூடி மறைப்பது நேர்மையன்று. இஸ்த்லானில் உரித்தாளராகப் பதிவுற்றோர் 384 பேர். காடு ஏறத்தாழ 19,000 ஹெக்டேயர். ஆலைகளில் வேலை செய்வோர் எல்லோரும் இந்த 384 பேருள் அடங்குவதில்லை. மெக்சிக்கோவின் எஹீதோச் சட்டப்படி உரித்தாளர் ஒருவரின் உரிமை ஒரேயொரு வாரிசுக்கே செல்லும். எஞ்சிய பிள்ளைகள் அந்த ஊரிற் பிறந்தோராயினும் சபையில் வாக்கற்றோர். அவர்களுட் பலர் வட எல்லையைக் கடந்து போய்விட்டனர். பெண்களின் நிலையோ இன்னும் மோசமானது. உரித்தாளர் பட்டியலிற் பெரும்பாலான பெயர்கள் இன்றும் ஆண்களுடையனவே. பெண்கள் பெரும்பாலும் கைம்பெண்ணான பின்னரே சபையில் அமரும் ஊர்கள் உண்டு.

ஆனால் கணை தொடுப்போர் ஒன்றைப் பார்க்கத் தவறுகின்றனர். கம்பனியின் பேரேடு முகாம் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தது. செல்சோவுக்கு அதைத் திறக்கும் உரிமையும் இல்லை, படிக்கும் எழுத்தும் இல்லை. சபையின் பேரேடோ கூட்டத்திலே உரக்கப் படிக்கப்படவேண்டியது. எத்தனை குற்றி வெட்டப்பட்டது, யாருக்கு விற்கப்பட்டது, பாரவண்டி ரயருக்கு ஏன் இவ்வளவு என்று எழுந்து கேட்க ஒருவனுக்கு உரிமையுண்டு. வாக்கற்றவன் வாக்குக் கேட்பதற்கும் அதே மண்டபந்தான் இடம். முதலாளியின் அலுவலகத்துக்கும் இம்மண்டபத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சிறியது என்போர் முகாமில் ஒருநாளும் இருந்தறியாதோர்.

ட்ரேவன் 1969இல் மெக்சிக்கோ நகரில் இறந்தார். அவருடைய சாம்பல் சியாப்பாஸில் ஹத்தாத்தே நதியின் மேல் தூவப்பட்டது. மகோகனிக் குற்றிகள் மிதந்துசென்ற நீர்வழி அது. அவர் எழுதாத ஏழாவது நாவல் அந்த மண்டபத்தில் இருக்கின்றது. பாத்திரங்களும் ஆயத்தம்: மூன்றாம் ஆண்டின் இறுதியிற் கணக்கைப் படிக்க எழும் பொருளாளர், முற்பணத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வண்டியில் காத்திருக்கும் வியாபாரி, பலகை உலர்த்தும் சூளை வாங்கவேண்டும் என்னும் முகாமையாளன், கூரை ஒழுகும் வீட்டுக்காரன், தளபாட ஆலையில் பத்தாண்டு வேலை செய்தும் பட்டியலிற் பெயரில்லாமல், கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி. கூட்டம் நள்ளிரவைக் கடந்துவிட்டது; சூளையா பங்கா என்பது இன்னும் வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. இதை எழுதக்கூடியவர் நம்மிடையேயும் இருக்கலாம். வகுப்பறையில் வரவு செலவுக் கணக்குப் படிப்பிப்போருள் ஒருவராகவும் இருக்கலாம்.